கரட்டுக்கு விழுந்த சீட்டு

மெரினாவுக்கு அந்தப் பெயரை வைத்தவர் அவளுடைய அப்பா றோலண்ட். மனுசன் கடலைப் பார்த்ததே இல்லை. யாரோ ஒரு புனிதையின் பெயர் என்று நினைத்து வைத்துவிட்டார். அது மெட்ராசில் இருக்கிற கடற்கரை என்று பின்னாளில் ஒருவர் சொன்னபோதும் அவர் அசரவில்லை. "ராகலை மலையில கடக்கர வச்ச ஒரே ஆளு நான்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அந்த வீம்பு மகளுக்கு அப்படியே வந்தது. கொஞ்சம் வட்டியும் சேர்ந்து வந்தது என்று தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் பேச்சு.

அவள் குழந்தையில் முதலில் பேசிய சொல் 'அம்மா' இல்லை, 'முடியாது' என்பார்கள். இது சுத்தப் பொய். ஆனால் நம்பாத ஆள் தோட்டத்தில் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் வாத்தியார், "சிரிச்சதுக்கு வெளிய நில்லு" என்றார். நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கே வந்தவள்தான், பள்ளிக்கூடம் இன்னும் அவளுக்காகக் காத்திருக்கிறது. பிறகு கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே பல வருசம் அந்தச் சொல்லை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கினாள். வீட்டுக்கார நோனாவின் நாய்க்கு மெத்தை, மெரினாவுக்குச் சமையலறை மூலையில் பாய். ஒருநாள், நாய்க்குச் சுடுதண்ணி வைத்துவிட்டு அப்புறம் சாப்பிடு என்றார் நோனா. நாய் மெரினாவைப் பார்த்தது. மெரினா நாயைப் பார்த்தாள். விழுங்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது. மறுநாள் ராகலை பஸ்சில் அவள் இருந்தாள்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் பேர் கொடு என்று சொந்தக்காரர்கள் கெஞ்சினார்கள். அதற்கும் முடியாது. தோட்டத்து எல்லைக்கு அப்பால் கிராமத்துச் சிங்கள மாத்தயா ஒருவரிடம் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கரட் கிழங்கு போட்டாள். கல்லும் புல்லுமாகக் கிடந்த நிலம். இரண்டு போகம் அவளைப் பார்த்துச் சிரித்தது. மூன்றாவது போகத்தில் பயந்துபோய் ஒழுங்காக விளைந்தது.

அந்தப் போகம் முடிந்ததும் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும். கட்டாவிட்டால் நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். நிலம் போனால் மிச்சமிருப்பது கொழும்பு. நோனா இன்னமும் போன் பண்ணிக்கொண்டிருந்தார். பழைய நாய் செத்துவிட்டதாம், புது நாய் வாங்கியாகிவிட்டதாம், பாய் அப்படியே இருக்கிறதாம்.

இந்த நேரத்தில்தான் ஜூட்சன் வந்தான்.

ஜூட்சன் மேல் லயத்துப் பையன். படித்து, கொழும்பில் ஒரு பங்குச் சந்தைக் கம்பனியில் வேலைக்குப் போய், என்ன காரணத்தாலோ திரும்பி வந்து, இப்போது ஹோட்டல்களுக்கு மரக்கறி வாங்கி அனுப்புகிறான். மலையில் சேறு எங்கே இருந்தாலும் அவனுடைய கூர்மூக்குச் சப்பாத்து அதைக் கண்டுபிடித்துவிடும். ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் கரட் போட்டிருந்த மூன்று பேரைப் பிள்ளைக் காம்பராவுக்குக் கூப்பிட்டான். வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. இருந்ததெல்லாம் குழந்தை நாற்காலிகள். மெரினா உட்கார்ந்தாள். பக்கத்து நிலத்துக் காளியாயி உட்கார்ந்தாள். அழகனும் உட்கார்ந்தார், அவர் எழுந்தபோதெல்லாம் நாற்காலியும் கூடவே எழுந்தது.

"இதுக்குப் பேரு ஒப்ஷன்" என்று ஜூட்சன் ஆரம்பித்தான். "இப்ப நான் உங்க மூணு பேருக்கும் ஆளுக்கு அஞ்சாயிரம் தாறேன். அதுக்குப் பதிலா எனக்கு ஒரு உரிம வேணும். மாசக் கடைசி ஞாயித்துக்கெழம வரைக்கும், உங்க மூணு பேருல ஒருத்தர்கிட்ட பத்து மூட்ட கரட்ட, கிலோ நூத்தம்பதுக்கு வாங்குற உரிம. வேணும்னா வாங்குவேன். வேணாம்னா வாங்க மாட்டேன். வாங்காட்டியும் அஞ்சாயிரம் உங்களுக்குத்தான்."

"எங்களுக்குக் குடுக்க இஷ்டமில்லாட்டி?" என்றாள் மெரினா.

"அது கெடையாது அக்கா. உரிம எனக்கு, கடம உங்களுக்கு. அதுக்குத்தானே காசு முன்னாடியே கைக்கு வருது. ஞாயித்துக்கெழம பொழுது சாயிறதுக்குள்ள நான் காசக் கட்டி ஏத்தணும். ஏத்தாட்டி என் உரிம செத்துப்போச்சு."

"சாவு வீட்டுக்கு நாங்க வரணுமா?" என்றார் அழகன்.

ஜூட்சன் கண்டுகொள்ளவில்லை. "எனக்கு வேணும்னு நான் சொல்றதுக்குப் பேரு எக்சசைஸ். அது யாரு தலையில விழுதுன்னு பாக்குறது அசைன்மென்ட். அப்புறம் பீஸ் கொஞ்சம் இருக்கு."

அதுவரை கண் சொக்கிக்கொண்டிருந்த காளியாயி சடாரென்று நிமிர்ந்தாள். "எக்சசைஸ், அசைன்மென்ட், பீஸ். இதெல்லாம் டியூசன் வகுப்புல சொல்றதுல்ல? எங்க நிஷாந்தி கணக்குல ரொம்ப மோசம் தம்பி. அவளையும் சேத்துக்க."

நாற்காலிகள் கிறீச்சிடும் அளவுக்குச் சிரித்தார்கள். ஜூட்சனும் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பில்தான் ஒரு கேள்வி தொலைந்துபோனது. பீசை யார் கட்டுவது என்று யாரும் கேட்கவில்லை.

"சரி, யாரு தலையில விழும்னு எப்புடிப் பாப்ப?" என்றார் அழகன்.

"குலுக்கல்தான் அண்ணே. வெளிநாட்டுச் சந்தையிலயும் அப்புடித்தான். இந்த மாதிரி உரிமைய வித்தவங்க ஆயிரம் பேரு இருப்பாங்க. வாங்கினவன் ஒருத்தன் எக்சசைஸ் பண்ணினா, அந்த ஆயிரத்துல யாரு குடுக்கணும்னு குலுக்கி எடுப்பாங்க."

குலுக்கல் என்ற சொல் காதில் விழுந்ததும் மூன்று முகங்களிலும் விளக்கு எரிந்தது. தோட்டத்தில் குலுக்கல் என்றால் ஒன்றுதான்: சீட்டு. மாதாமாதம் எல்லாரும் காசு போடுவார்கள், துண்டுகளில் பெயர் எழுதிக் குலுக்குவார்கள், யார் பெயர் விழுகிறதோ அவருக்கு மொத்தப் பணமும். கூரைத் தகரம், காதுத் தோடு, கலியாணப் பந்தல், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாம் குலுக்கலில் வந்தவை. பெயர் விழுந்தால் யோகம், விழாவிட்டால் வயிற்றெரிச்சல். வேறு அர்த்தம் அந்தச் சொல்லுக்கு இருக்கலாம் என்று எந்தத் தலைமுறைக்கும் தோன்றியதில்லை.

மூன்று பேரும் காசை வாங்கிக்கொண்டு தலையாட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. காளியாயி தன் பெயர் விழ வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். மெரினா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். அழகன் முருகனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அந்தோனியாரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தார். தங்கள் தலையில் கல்லைப் போடச் சொல்லி மூன்று பேர் வரிசையில் நின்றால் சாமிகள்தான் என்ன செய்யும்? குழம்பித்தான் போயிருக்கும்.

மாசக் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. அக்கம்பக்கத்து மலைகளில் கரட் மண்ணுக்குள்ளேயே அழுகியது. இந்த மூன்று பேரின் நிலமும் சரிவில் இருந்ததால் தண்ணீர் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜூட்சன் மெரினாவுக்குப் போன் எடுத்தான். "அக்கா, நான் எக்சசைஸ் பண்றேன். நாளைக்குக் குலுக்குவோம்."

சனிக்கிழமை பிள்ளைக் காம்பரா நிறைந்துவிட்டது. கரட்டுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதவர்கள்தான் கூடுதல். பால் ஊற்றுகிற தகரக் கோப்பையில் மூன்று துண்டுகளைப் போட்டு, மூக்கொழுகிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். அவள் முதலில் துண்டை வாயில் போட்டாள். பிடுங்கி எடுத்து விரித்துப் பார்த்தால், எச்சிலில் ஊறிய 'மெரினா'.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. "ஒனக்கு யோகம்டி!" என்று காளியாயி அவளைக் கட்டிக்கொண்டாள். அழகன் அந்தோனியார் இருக்கும் திசையைப் பார்த்து முறைத்தார். மெரினா ஒருபோதும் இல்லாத வழக்கமாக எல்லாருக்கும் பணிசு பன்னும் பிளேன்டீயும் வாங்கிக் கொடுத்தாள். ஜூட்சன் மட்டும் ஒரு மாதிரியாக நெளிந்துகொண்டு, நாளைக்கு லொறியோடு வருகிறேன் என்று நழுவினான். வாழ்த்துச் சொல்லவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

பணிசு பாதி போயிருக்கும். அழகனின் போன் அடித்தது. நுவரெலியா மார்க்கட்டில் மூட்டை தூக்குகிற அவருடைய மச்சான். அழகன் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் இருந்த துக்கம் மெதுவாக இறங்கிப் போனது. அந்த இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகு, எவ்வளவு அடக்கியும் அடங்காமல், வாயில் இருந்த தேத்தண்ணியோடு சிரிப்பு வெடித்துவிட்டது.

"என்னாண்ணே?"

"கரட்டு... கிலோ நானூத்திப் பத்தாம்."

மூக்கொழுகிய பெண் மட்டும் பணிசைச் சத்தமாக மென்றாள்.

மெரினா கையில் இருந்த கோப்பையை வைத்தாள். மெதுவாக, தனக்கே சொல்வது போலச் சொன்னாள்: "வெல எறங்கியிருந்தா அவன் குலுக்கியே இருக்க மாட்டான். ஏறினாத்தான் குலுக்குவான். இது யோகச் சீட்டு இல்ல. பலி ஆட்டுக்குத் தண்ணி தெளிக்கிற சீட்டு." பிறகு சுற்றிலும் பார்த்தாள். "அதுக்கு நான் பணிசு வேற வாங்கிக் குடுத்திருக்கேன்!"

காளியாயிதான் முதலில் யோசனை சொன்னாள். "அழுகிப் போச்சுன்னு சொல்லிடு புள்ள. நல்லதெல்லாம் இன்னைக்கே புடுங்கி அந்தப் பக்கத்துப் பாதையில ஏத்திடுவோம். ஊரே அழுகிக் கெடக்கு, ஓங்கரட்டு மட்டும் அழுகாதா?"

"முடியாது" என்றாள் மெரினா.

அவள் வாழ்க்கையில் எத்தனையோ தடவை சொன்ன சொல்தான். இந்தப் பக்கமாக வரும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

"காசு வாங்கினேன். தலையாட்டினேன். குடுப்பேன். ஆனா அவன் கேட்டது பத்து மூட்ட. பதினோராவது மூட்டையோட காதக்கூட அவன் தொடக் கூடாது."

ஞாயிறு விடிந்ததில் இருந்து பிடுங்கினார்கள். சிரித்த பாவத்துக்கு அழகனும் வந்தார், நேர்ந்துகொண்ட பாவத்துக்குக் காளியாயியும் வந்தாள். மலையிலிருந்து விழும் பீலித் தண்ணியில் கழுவி, பத்து மூட்டை கட்டி, ரோட்டோரம் அடுக்கினார்கள். நிலத்தில் இன்னும் ஏழு மூட்டைக்குக் குறையாமல் இருந்தது. மெரினா கூட்டிப் பார்த்தாள். பத்து மூட்டையை அவன் விலைக்கும் ஏழு மூட்டையை மார்க்கட் விலைக்கும் விற்றால், விதைக் கடனும் உரக் கடனும் போக, குத்தகைக்கு மட்டுமட்டாகக் காணும். ஒரு ரூபாய் சறுக்கினாலும் கொழும்புதான், புது நாய்தான்.

லொறி பின்னேரம் வந்தது. ஜூட்சன் இறங்கினான், சப்பாத்து சேற்றைக் கண்டுபிடித்தது. மூட்டைகளைப் பார்த்தான், மெரினாவைப் பார்த்தான், தொண்டையைச் செருமினான்.

"அக்கா, லொறிக் கூலி, ஏத்துக் கூலி, அப்புறம் அசைன்மென்ட் பீஸ். இதெல்லாம் கழிச்சித்தான் காசு வரும்."

"எதுக்கு?"

"அன்னைக்கே சொன்னேனே, பீஸ் இருக்குன்னு."

"இருக்குன்னு சொன்ன. எனக்குன்னு சொன்னியா?"

"சந்தையில ரெண்டு பக்கமும் கட்டணும் அக்கா. எக்சசைஸ் பண்றவனுக்கும் பீஸ், யாரு தலையில விழுதோ அவனுக்கும் பீஸ். அதுதான் வழக்கம்."

"அங்க கட்டட்டும். அங்க எங்கரட்டு இல்ல. இங்க வேணும்னு சொன்னது யாரு? நீ. நானா ஒன்ன வந்து வாங்குன்னு கெஞ்சினேன்? வேணும்ங்கிறவன் கூலி குடு."

"அப்ப நான் ஏத்த மாட்டேன்."

"ஏத்தாத" என்று சொல்லிவிட்டு மெரினா மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். "நான் கரட்டக் கொண்டாந்து வச்சிட்டேன். பொழுது சாயிற வரைக்கும் ஒன்னோட உரிம. சாஞ்சிருச்சின்னா இது மறுபடி எங்கரட்டு. நானூத்திப் பத்து."

அந்த நேரம் பார்த்து மூடுபனி மலையில் இருந்து இறங்கி ரோட்டை மூடியது. "சாஞ்சிருச்சு! பொழுது சாஞ்சிருச்சு!" என்று காளியாயி கத்தினாள்.

"இது பனி!" ஜூட்சன் போனைத் தூக்கிக் காட்டினான். "நாலு மணி கூட ஆகல!"

"எங்களுக்குச் சூரியன் தெரியலன்னா பொழுது சாஞ்சிருச்சுன்னுதான் அர்த்தம்" என்றார் அழகன், பெரிய நீதவான் மாதிரி.

"அந்தாளுக்கு நேரம் இருக்கு" என்று மெரினா அவர்களை அடக்கினாள். "கோயில் மணி அடிக்கிற வரைக்கும் இருக்கட்டும்."

ஜூட்சனின் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஹோட்டல்காரர்கள். அவர்களுக்குப் பத்து மூட்டை தருவதாக அவன் வாக்குக் கொடுத்து வைத்திருந்தான். மலையிலோ வேறு எங்கும் இந்த விலைக்குக் கரட் இல்லை. மூன்றாவது தடவை போனைக் காதில் இருந்து எடுத்தபோது அவன் முகத்தில் கொழும்பு மிச்சமில்லை.

"சரி. பீஸ் என்னோடது. ஏத்த ஆள் வாங்க. கூலி நான் தாறேன்."

ரோட்டோர மதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்த லயத்து ஆண்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு இடுப்பு வலி. ஒருவருக்கு ஞாயிற்றுக்கிழமை. டிரைவர், தன் வேலை ஓட்டுவது மட்டும்தான் என்று கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். ஜூட்சன் சட்டைக் கையை மடித்தான். முதல் மூட்டையைத் தோளில் தூக்கி, நாலு எட்டு வைத்து, சறுக்கி, மூட்டையோடு லொறியில் போய் முட்டினான்.

"இப்பத்தான் தம்பி நெசமாவே எக்சசைஸ் பண்ணுது" என்றாள் காளியாயி. மதில் குலுங்கியது.

மெரினா சிரிக்கவில்லை. இரண்டாவது மூட்டையில் அவன் முழங்கால் மடங்கியதைப் பார்த்தாள். மூன்றாவதில் கழுத்தில் சாக்கு உராய்ந்து சிவந்திருந்ததைப் பார்த்தாள். திட்டிக்கொண்டே இறங்கினாள். மழைக்குத் தலையில் போடுகிற தன் சாக்குக் கொங்காணியை மடித்து அவன் முதுகில் போட்டு, அடுத்த மூட்டையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். "தோள்ல தூக்காத. முதுகுல படுக்க வை. குனிஞ்சு போ. கொழும்புல இதெல்லாம் சொல்லிக் குடுக்க மாட்டாங்களா?"

கடைசி மூட்டை ஏறியதும் அவன் லொறிப் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

"நானும் ஒங்க பக்கம் இருந்தவன்தான் அக்கா" என்றான். "கட்டார் நாட்டுல இருக்க மச்சானோட கணக்குல, வெளிநாட்டு ஒப்ஷன வித்தோம். வித்தவொடன காசு கைக்கு வரும். சும்மா வருதேன்னு வித்துக்கிட்டே இருந்தோம். ஒருநாள் எழும்பிப் பாத்தா, எங்க தலையில விழுந்திருக்கு. கடைசி நாளு வர முந்தியே. அப்புடியும் வருமாம். குடுக்க எங்ககிட்ட ஒரு பங்கும் இல்ல. ஏறின வெலைக்கு வாங்கிக் குடுத்தோம். அதுக்கு மேல பீசு. மச்சான் இன்னும் பேசுறதில்ல. அன்னைக்கு முடிவு பண்ணினேன், இனிமே உரிமைய வாங்குற பக்கம் மட்டும்தான்னு."

"அப்ப அந்த வலி ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் எங்கள அந்தப் பக்கம் ஒக்கார வச்ச. அதுவும் புள்ளைங்க நாக்காலியில."

அவன் காசை எடுத்து எண்ணி, ஒரு சதம் கழிக்காமல் கொடுத்தான். மெரினா வாங்கினாள். அதில் இருந்து ஐயாயிரத்தைப் பிரித்து அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இந்தா."

"என்னாக்கா இது?"

"அடுத்த போகம். வெல நூத்தம்பதுக்குக் கீழ போச்சுன்னா, எம் பத்து மூட்டைய நூத்தம்பதுக்கே நீ வாங்கணும். கீழ போகலன்னா அஞ்சாயிரம் ஒனக்கு. உரிம எனக்கு, கடம ஒனக்கு."

ஜூட்சன் வாயைப் பிளந்தான். "இது புட் ஒப்ஷன் அக்கா. யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீதான். தலகீழாப் புடிச்சுப் பாத்தேன்."

"புட்டா?" என்றாள் காளியாயி. "அப்ப தேங்கா யாரு துருவுறது?"

"வித்த பக்கம் நிக்கிறதில்லன்னு சத்தியம் பண்ணியிருக்கேன் அக்கா."

"நாங்கூட கரட்ட நூத்தம்பதுக்குக் குடுக்கிறதில்லன்னு இருந்தவதான்."

அவன் தலையைச் சொறிந்தான். ஹோட்டலுக்கு அடுத்த போகமும் கரட் வேண்டும். இன்றைக்கு இந்த ரோட்டில் நடந்ததற்குப் பிறகு அவனை நம்பித் தரக்கூடியவள் இவள் ஒருத்திதான். "அஞ்சு காணாது. எட்டு."

"ஆறு."

"ஏழு. பீஸ்?"

"எக்சசைஸ் பண்றவங்க கட்டணும்னு நாந்தானே சொன்னேன். அப்ப அன்னைக்கு லொறிக் கூலி நான் கட்டுறேன்."

மதிலில் இருந்தவர்கள் அதற்குச் சிரிக்கவில்லை. ஜூட்சன் ஏழாயிரத்தை வாங்கிப் பையில் வைத்தான். அழகன் அவசர அவசரமாகத் தன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு, "தம்பி, எனக்கும் அந்தப் புட்டு ஒன்னு" என்று லொறிக்குப் பின்னால் ஓடினார்.

மறுநாள் மிச்ச மூட்டைகள் நுவரெலியாவுக்குப் போயின. ஏழு இல்லை, எட்டு வந்தது. அந்த ஒரு மூட்டைதான் புட்டுக்குக் கொடுத்த ஏழாயிரத்தையும் கட்டியது. விலை இருபது ரூபாய் இறங்கியிருந்தும் கணக்கு தாங்கியது. மெரினா பஸ் இறங்கி வீட்டுக்குப் போகாமல், சேறு காய்ந்த காலோடு கிராமத்து மாத்தயாவின் வாசலில் போய் நின்றாள்.

"வருசத்துக்கு எழுதுங்க மாத்தயா. இப்ப ஒரு போகத்துக் காசு, மிச்சத்த அடுத்த போகத்துல தாறேன்."

மாத்தயா காசைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "வருசத்துக்கா? போன தடவ போகத்துக்குத்தானே எழுதினது? இந்த வெல நிக்காது, பொண்ணே. கரட் வெல விழுந்தா?"

"விழட்டும்" என்றாள் மெரினா.